விளையாடுவதற்காகப் பழைய பாவைப்பிள்ளைகளைச் சேர்ப்பதும் எவற்றை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பொம்மைகளை நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்து வருகிறேன். அவற்றுக்கு உடுப்பு மாற்றி, தலை வாரி, கதை கட்டி விளையாடுவதே என் நோக்கம். வெள்ளவத்தையில் உள்ள எமது தொடர்மாடி வீட்டில் அவற்றுக்கென்று நான்கு தட்டுகள் கொண்ட ஓர் அலுமாரி இருக்கிறது; அதற்கு மேல் இடமில்லை. என்னோடு விளையாடுபவள் ஒன்பது வயதான என் பெறாமகள். வீட்டுக்கு வருபவர்களும், தங்கள் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆலோசனை கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

விளையாடுவதற்காகச் சேர்ப்பது மற்றைய சேகரிப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

விலைக்காகச் சேர்ப்பவர் பெட்டி திறக்கப்படாத பொம்மையைத் தேடுவார். மூல உடுப்பும் சப்பாத்தும் கைக்கடிகாரமும் ஒன்று குறையாமல் இருக்க வேண்டும் என்று பார்ப்பார். விளையாடுவதற்காகச் சேர்ப்பவருக்குப் பெட்டி ஒரு பொருட்டல்ல. தலைமயிர் சற்றுக் கலைந்த, உடுப்பு தொலைந்த, ஒரு கன்னத்தில் கீறல் விழுந்த பொம்மை அவருக்கு மலிவாகவும் கிடைக்கும், பயமின்றிக் கையாளவும் உதவும். இது எமக்குப் புதிய வழக்கமன்று. திருமணத்தில் மணப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட மரப்பாச்சி இணையை நவராத்திரிக்குக் கொலுவில் வைப்பார்கள். மற்ற நாட்களில் அதற்குத் துணி சுற்றி வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். பல் முளைக்கும் குழந்தை அதைக் கடிப்பதும் உண்டு. வைத்துக் காப்பதும் விளையாடுவதும் ஒரே பொம்மைக்கு நடந்த காரியங்கள். இன்னும் பின்னே போனால், சங்கப் பாடல்களில் வரும் பெண் பிள்ளைகள் ஆற்று வண்டலிலும் கோரைப் புல்லிலும் பாவை செய்து விளையாடுகிறார்கள்.

எவ்வளவு பழையதாக இருந்தால் அதைப் பழைய பொம்மை என்று சொல்லலாம்?

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நூறு வருடம் கடந்ததைத் தொல்பொருளாகவும், இருபது முப்பது வருடம் கடந்ததைப் பழையதாகவும் பிரிப்பார்கள். கொழும்பில் நான் வேறொரு கோட்டைப் போடுகிறேன். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், அக்காலத்தில் இங்கே ஒரு வீட்டில் வெளிநாட்டுப் பொம்மை இருந்தால் அநேகமாக அது அதற்கு முன்பே வாங்கப்பட்டதாகவோ, கப்பலில் வேலை செய்த மாமாவோ லண்டனில் படித்த சித்தப்பாவோ கொண்டுவந்ததாகவோ இருக்கும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் புறக்கோட்டைக் கடைகளில் ஹொங்கொங்கிலும் தாய்வானிலும் செய்யப்பட்ட பொம்மைகள் நிறைந்தன. ஆகவே 1977க்கு முந்தியது, பிந்தியது என்ற பிரிவே எமது வீடுகளில் கிடைப்பவற்றுக்குப் பொருந்துகிறது.

கொழும்பில் இவை எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்களின் வீட்டுச் சாமான் விற்பனையே முதலிடம். கதிரை, குளிர்சாதனப் பெட்டி, கோப்பை பீங்கான் எல்லாவற்றுக்கும் விலை எழுதி ஒட்டியிருப்பார்கள். பொம்மைகள் மட்டும் ஒரு மூலையில் கடதாசிப் பெட்டிக்குள் விலையின்றிக் கிடக்கும். கேட்டால் எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள். அப்படிச் சொன்னாலும் ஏதாவது கொடுத்துவிட்டு எடுப்பதே முறை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, தேவாலயங்களும் பாடசாலைகளும் நடத்தும் நிதி திரட்டும் விற்பனைகள். இணையத்தில் வரும் பாவித்த பொருள் விளம்பரங்களிலும் கிடைக்கும். ஆனால் படத்தில் பிசுபிசுப்பும் மணமும் தெரியா என்பதால், நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் பொதியில் அனுப்பினால் சுங்கத் தீர்வை அறவிடப்படலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வருபவரின் பயணப் பெட்டியில் இரண்டு மூன்று பொம்மைகள் வருவதே இலகுவான வழி.

என் பார்பியின் முதுகில் 1966 என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பொம்மை அறுபது வருடம் பழையதா?

பெரும்பாலும் இல்லை. பார்பி பொம்மை 1959 மார்ச் 9ஆம் திகதி நியூயோர்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் அறிமுகமானது. அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு, அந்த உடலின் அச்சுக்கு உரிமை பதியப்பட்ட ஆண்டேயன்றி, பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அன்று. 1966 என்ற அடையாளம் உள்ள உடல் பல வருடங்கள் தொடர்ந்து பயன்பட்டது. 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்டவற்றிலும் அதே எண் இருக்கும். தலையைக் கழற்ற முடிந்தால் கழுத்து விளிம்பின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே 1976 என்று இருந்தால், பற்கள் தெரியச் சிரிக்கும், 1977இல் வெளிவந்த முகம் அது. அதுவும் நீண்ட காலம் பயன்பட்ட அச்சுத்தான்.

ஆண்டைவிட நாட்டின் பெயர் அதிகம் சொல்லும். ஜப்பான் என்று இருந்தால் ஆரம்ப காலத்தது. மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று இருந்தால் பிந்தியது. இந்தியாவில் லியோ மாட்டெல் நிறுவனம் செய்த, சேலை உடுத்த பார்பிகளும் எமது வீடுகளில் கணிசமாக இருக்கின்றன. சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வந்தவர்கள் வாங்கி வந்தவை. பிரித்தானியாவில் 1963 முதல் பெடிகிரீ நிறுவனம் செய்த சிண்டி என்ற பொம்மை, லண்டன் உறவினர் வழியாக வந்து சேர்ந்திருக்கும். அவளுடைய தலை உடலோடு ஒப்பிடச் சற்றுப் பெரிதாகவும் முகம் வட்டமாகவும் இருக்கும்.

வாங்குமுன் கையில் எடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சண மணம் துணியுடல் பொம்மையில் இருந்தால் அது உள்ளே இருக்கும் பஞ்சிலிருந்து வருகிறது. வெளியே கழுவிப் போகாது. வினாகிரி மணம் வந்தால், அது 1940, 1950களைச் சேர்ந்த செலுலோஸ் அசற்றேற் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டதன் அறிகுறி. அந்தச் சிதைவை நிறுத்த முடியாது. வெளிவரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் பொம்மைகளையும் கெடுக்கும். அதை வாங்காதீர்கள்.

பிறகு உள்ளங்கையால் காலைப் பிடித்துப் பாருங்கள். பிசுபிசுத்தால், மெதுமையான பிளாஸ்டிக்கில் நெகிழ்வுக்காகக் கலக்கப்பட்ட இரசாயனம் மேலே கசிந்து வருகிறது என்று பொருள். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சில மாதம் சரியாக இருக்கும், பின்னர் திரும்பவும் கசியும். தலைமயிரைப் பிரித்து உச்சியைப் பாருங்கள்: நட்ட துளைகள் வெறுமையாக இருந்தால் யாரோ பிய்த்திருக்கிறார்கள். கண் மூடித் திறக்கும் பொம்மையைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தொங்கும் சிறிய பாரம்தான் கண்ணைச் சாய்க்கிறது, அது துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒரு கண் மட்டும் பாதியில் நிற்கும். கை கால்கள் தளர்ந்து தொங்கினால் கவலை வேண்டாம். உள்ளே இழுத்துக் கட்டிய இறப்பர் நாடா நைந்திருக்கும், புறக்கோட்டையில் தையற் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் உருண்டை எலாஸ்டிக் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம்.

எந்தப் பழைய பொம்மையைப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது?

செலுலோயிட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கால் செய்த பொம்மையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். முட்டை ஓடு போல இலேசாக, உள்ளே வெறுமையாக இருக்கும்; விரலால் உரசிச் சூடாக்கினால் கற்பூர மணம் வரும். ஜப்பானிலும் ஜேர்மனியிலும் ஏராளமாகச் செய்யப்பட்டவை. ஜேர்மன் பொம்மையில் ஆமைச் சின்னம் காணப்படலாம். நெருப்புப் பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். கொலுப் படியில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அப்படியொன்றை அழகுக்காக வைத்திருந்ததை ஒரு வீட்டில் கண்டு, கேட்டுக்கொண்டிராமல் நானே எடுத்து அப்புறப்படுத்தினேன். நைலோன் தலைமயிரும் சுடருக்கு அருகில் இருக்கக் கூடாது.

மரத்தூளும் பசையும் கலந்து அச்சிட்டு மேலே வர்ணம் பூசிய பொம்மைகள் எமது ஈரக் காற்றில் ஊதி வெடிக்கும். உதிரும் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவை பெரியவரின் கையில் மட்டும் இருக்கட்டும். பீங்கான் தலைப் பொம்மை விழுந்தால் கூரான துண்டாகும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் சிறு சப்பாத்து, தோடு, கழன்று வரும் கண் எதுவும் போகக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குப் பழைய மென்பிளாஸ்டிக் பொம்மையே வேண்டாம். இன்று கட்டுப்படுத்தப்பட்டுள்ள இரசாயனங்கள் அன்று கட்டுப்பாடின்றிக் கலக்கப்பட்டன. அந்த வயதுக்குத் துணிப் பொம்மையோ, பனையோலைப் பொம்மையோ புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

எப்படிக் கழுவுவது?

தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள். கழுத்து வழியாக உள்ளே போகும் நீர் கொழும்பின் ஈர வெக்கையில் வாரக் கணக்கில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். கண் பாரமும் கால் கம்பியும் துருவேறும். மெல்லிய சவர்க்கார நீரில் தோய்த்துப் பிழிந்த துணியால் உடலைத் துடையுங்கள், மூட்டுகளுக்குப் பஞ்சுக்குச்சியைப் பயன்படுத்துங்கள். தலைமயிரைப் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, முகம் நனையாமல் ஷாம்பு போட்டு அலசலாம். நட்ட நைலோன் மயிராகவோ சாரன் என்ற செயற்கை இழை மயிராகவோ இருந்தால், அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்த பின், கொதித்து இறக்கிய நீரை மயிரின் மேல் மட்டும் ஊற்றினால் அது நேராகப் படியும். அதைப் பெரியவரே செய்ய வேண்டும். ஒட்டிய மொஹேர் (ஆட்டு மயிர்), மனித மயிர்த் தொப்பிகளுக்குச் சுடுநீர் ஆகாது.

பார்பியின் காது பச்சையாகியிருப்பது அழுக்கன்று. தோட்டின் உலோகத்திலுள்ள செம்பு மென்பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. முதலில் தோட்டைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் கறை கன்னத்துக்குப் பரவும். பென்சோயில் பெரொக்சைட் கலந்த முகப்பருக் களிம்பைக் கறையில் மட்டும் தடவி, மெல்லிய பொலித்தீனால் மூடிச் சில நாட்கள் வெளிச்சத்தில் வைத்தால் மங்கும். அதே களிம்பு கன்னச் சிவப்பையும் வெளுக்கச் செய்யும் என்பதால் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

என் கையாலேயே ஒரு பொம்மையைக் கெடுத்திருக்கிறேன். வயிற்றில் இருந்த பேனை மைக் கறையை நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைத்தேன். கறையோடு மேற்பரப்பும் கரைந்து, ஆவி படிந்த கண்ணாடி போல மங்கி நின்றது. அந்தத் திரவத்திலுள்ள அசற்றோன் கடினமான பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உடல் பகுதிக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பற்றரியில் இயங்கும் பொம்மையில் பழைய பற்றரி கசிந்து, அதை வைக்கும் அறைக்குள் வெண்தூள் படிந்திருந்தால், அது அல்கலைன் பற்றரியாயின் வினாகிரி தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

கொழும்பின் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

விளையாடப்படும் பொம்மைக்கு இந்தக் கவலை பாதிதான், ஏனெனில் அது நாள்தோறும் காற்றுப் படுகிறது. ஒரு வருடம் திறக்காத பெட்டியில் இருப்பதுதான் கெடுகிறது. பெட்டியை இறுக்கி மூடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் மாதந்தோறும் மாற்றுங்கள். சாயமேற்றாத வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றுங்கள். சிவப்பு, கறுப்பு உடுப்பின் சாயம் உடலில் இறங்கும். மென்பிளாஸ்டிக் சப்பாத்து கடினமான பிளாஸ்டிக்கின் மேல் அழுந்திக் கிடந்தால் உருகியதுபோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சேமிக்கும்போது உடுப்பையும் சப்பாத்தையும் கழற்றி வேறாக வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

கடற்கரைப் பக்கம் வசிக்கும் எம்மைப் போன்றவர்கள் சன்னலோரத்தில் வைக்கக் கூடாது. வெயில் நிறத்தை எடுக்கும், உப்புக் காற்று ஊக்குகளையும் கம்பிகளையும் தின்னும். துணிப் பொம்மையில் பூச்சி இருப்பதாகச் சந்தேகித்தால், காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஆழ்குளிரூட்டியில் வைத்து, வெளியே எடுத்த பின் குளிர் முழுவதும் நீங்கும்வரை பையைத் திறக்காதிருங்கள்.

பொம்மைக்குச் சேலை உடுத்த எவ்வளவு துணி வேண்டும்?

இந்தக் கேள்வியை எவ்வளவு தடவை கேட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை. பார்பி ஏறக்குறைய 29 சென்ரிமீற்றர் உயரம். மனிதரின் ஆறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஐந்தரை மீற்றர்ச் சேலையை ஆறால் பிரித்தால் ஏறக்குறைய 92 சென்ரிமீற்றர் நீளமும் 19 சென்ரிமீற்றர் அகலமும் வரும். ஆனால் கணக்குச் சரியாக இருந்தாலும் உடுத்தினால் இடுப்பில் மூட்டை போல நிற்கும், ஏனென்றால் துணியின் தடிப்பு ஆறில் ஒன்றாகக் குறைவதில்லை. நான் 65 சென்ரிமீற்றர் எடுத்து, கொசுவம் மூன்றோ நான்கோ வைத்து, உட்சுற்றை விட்டுவிடுகிறேன். பல தடவை தோய்த்து மென்மையான பழைய வொயில் சேலைதான் உகந்தது. அதன் கரை அகலமாக இருந்தால் கரையையே முந்தானைக்கு எடுக்கலாம். பட்டு விறைத்து நிற்கும். காலி வீதித் தையற்காரர்களிடம் கேட்டால் சட்டைத் துணியின் வெட்டுத்துண்டுகளைக் கொடுப்பார்கள். இரவிக்கைக்கு அவை போதும். முதுகைத் திறந்து ஒட்டும் நாடா வைத்துத் தையுங்கள். சிறு பொத்தான்களை ஒன்பது வயது விரல்கள்கூடப் போட்டுக் கழற்றச் சிரமப்படுகின்றன, உடுப்பு மாற்ற முடியாத பொம்மையோடு விளையாட்டு நீளாது.

சேர்ந்துகொண்டே போகிறது. எதை வைத்துக்கொள்வது என்று எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டில் இறங்கிய பொம்மைக்குப் பெயர் வந்துவிடும். எமது அலுமாரியில் ஒரு தபாற்காரி இருக்கிறாள், ஒரு கணக்கு ரீச்சர் இருக்கிறார், பருத்தித்துறையிலிருந்து வந்து கொழும்பில் வழி தவறிய ஒரு மாமி இருக்கிறார். இவர்களில் யாரையும் விலக்க முடியாது. விலக்கினால் கதை அறுந்துவிடும். வந்து மூன்று மாதமாகியும் ஒரு பெயரோ ஒரு வேலையோ பெறாத பொம்மை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வீட்டுக்கு உரியதன்று என்பது என் அனுபவம். அதை வெறுப்பதாக இதற்குப் பொருளில்லை. வேறொரு வீட்டில் அதற்குப் பெயர் காத்திருக்கிறது.

அடுத்து, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொம்மைகளைப் பாருங்கள். எமக்கு மஞ்சள் மயிருடன் ஐந்து பார்பிகள் இருந்தன. விளையாட்டில் எப்போதும் ஒருத்திதான் எடுக்கப்பட்டாள். அவளுடைய முழங்கால் மடங்கும், ஆகவே கதிரையில் இருப்பாள், சைக்கிள் ஓட்டுவாள். மற்ற நால்வரும் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மட்டுமே. அந்த நால்வரில் ஒருத்தியை, முழங்கால் மடங்குபவளின் உடுப்புகளைத் தைத்து அளவு பார்ப்பதற்காக வைத்துக்கொண்டு மூவரை அனுப்பினேன். உட்கார முடியுமா, கையில் பொருளைப் பிடிக்குமா, தானாக நிற்குமா என்ற மூன்றையும் விளையாடிப் பார்த்தே அறிய முடியும். தட்டில் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரி அழகாகத்தான் தெரியும். ஆகையால் அலுமாரிக்கு முன்னால் நின்று தீர்மானிக்காதீர்கள், பாயில் இருந்து ஒரு பிற்பகல் முழுவதும் விளையாடிய பின் எவை பாயில் கிடக்கின்றன, எவை தட்டிலேயே நிற்கின்றன என்று பாருங்கள்.

விலைமதிப்புள்ளது, ஆனால் யாரும் தொடுவதில்லை. என்ன செய்வது?

அதை விற்று, வந்த பணத்தில் விளையாடுவதற்கு ஏற்றதை வாங்குங்கள். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளையை எட்டி நில் என்று சொல்ல வைக்கும் ஒரு பொம்மை, முழு அலுமாரியையும் தொடக் கூடாத இடமாக்கிவிடுகிறது. விற்கும்போது குறைகளை நீங்களே சொல்லுங்கள்: மாற்றிய உடுப்பு, வெட்டிய மயிர், நீங்கள் பூசிய வர்ணம், பச்சைக் காது. வாங்குபவர் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது சரியன்று.

அன்பளிப்பாகக் கிடைத்த பொம்மையைக் கொடுத்துவிடலாமா?

கொடுத்தவர் இருக்கிறாராயின் அவரிடமே கேட்கலாம். பெரும்பாலானோர் மறந்திருப்பார்கள். கொடுத்தவர் இறந்துவிட்டிருந்தால், பொம்மையோடு அவர் எழுதிய துண்டோ, தைத்த சட்டையோ இருந்தால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது போதுமா என்று மனத்தைக் கேட்டுப் பாருங்கள். போதாது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சிறுவயதில் இழந்த பொம்மையைப் போன்ற ஒன்றைத் தேடி வாங்கினால் மனம் ஆறுமா?

என்னை இந்தச் சேகரிப்புக்குள் கொண்டுவந்ததே இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அப்பா புறக்கோட்டையில் வாங்கித் தந்த, கண் மூடித் திறக்கும் ஹொங்கொங் பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. 1983 யூலையில் வீட்டை விட்டு ஓடினோம். சில நாட்கள் முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். பொம்மை வீட்டில் கிடந்தது, வீடு எரிந்தது. வளர்ந்து வேலைக்குப் போய் முதற் சம்பளம் எடுத்த நாளிலிருந்து அதே பொம்மையைத் தேடினேன்.

ஒன்றன்றி நான்கு கிடைத்தன. ஒன்றின் சட்டை சரியாக இருந்தது, கண் நிறம் வேறு. ஒன்றின் கண் சரி, மயிர் வேறு. ஒவ்வொன்றாக வாங்கினேன், ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பார்த்தேன், அடுத்ததைத் தேடினேன். நான்கும் பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்தன. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை, ஏனென்றால் வைப்பதற்கு என்னிடம் இருந்தது ஒரு பெயர்தான், அது இவற்றினுடையதன்று. என் பெறாமகள் ஆறு வயதில் அந்தப் பெட்டியைத் திறந்து, மயிர் வேறாக இருந்ததை எடுத்து, "பெரியம்மா, இவள் நித்திரை கொண்டது காணும், எழுப்புவோம்" என்றாள். எழுப்பினோம். இன்று அவள்தான் எமது கணக்கு ரீச்சர். மற்ற மூன்றையும் அந்த வருட நவராத்திரி முடிந்த பின் கொடுத்துவிட்டேன்.

மனம் ஆறுமா என்று கேட்டால், இழந்த பொம்மைக்குப் பதிலாக ஒன்றை வாங்கி ஆறவில்லை. வந்த பொம்மையை அதனுடைய பெயரில் ஏற்றுக்கொண்ட பின் அந்தத் தேடல் நின்றது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்ப வாங்குகிறீர்கள் என்று கண்டால், அடுத்ததை வாங்குமுன், கையில் இருப்பதோடு ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள்.

பிள்ளையின் பொம்மைகளில் எவை இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானிக்கலாமா?

பாதுகாப்பு ஒன்றைத் தவிர வேறெதிலும் கூடாது. பிள்ளை பாடசாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பெட்டியைக் காலி செய்வது பெரிய தவறு. ஒரு கையில்லாத, முகம் மங்கிய பொம்மை உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம். அவளுடைய விளையாட்டில் அது வைத்தியசாலையில் கிடக்கும் முக்கியமான நோயாளியாக இருக்கலாம். இடமில்லை என்றால் இடத்தின் அளவைச் சொல்லுங்கள், தெரிவை அவளிடம் விடுங்கள். எங்கள் வீட்டில் விதி எளிமையானது: நான்கு தட்டு, ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும், எது போவது என்பதை இருவரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே மரியாதை உண்டு.

உதிரிப் பாகங்களுக்காகச் சிலவற்றை வைத்திருக்கலாமா?

இரண்டுக்கு மேல் வேண்டாம்.

விலக்கியவற்றை யாரிடம் கொடுப்பது?

தெரிந்த பிள்ளையிடம் கொடுப்பதே சிறந்தது. முன்பள்ளிகளும் சிறுவர் இல்லங்களும் ஏற்கக்கூடும், ஆனால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். கழுவாமல், உடுப்பின்றி, உடைந்த நிலையில் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்குவது அங்குள்ள பிள்ளைகளை அவமதிப்பதாகும். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு முழு உடுப்பும் ஒரு சோடிச் சப்பாத்தும் போட்டு அனுப்புங்கள். பிசுபிசுப்பதையும் வர்ணம் உதிர்வதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கொடுத்த பின் மனம் மாறினால் திரும்பக் கேட்கலாமா?

ஒரு தடவை அந்த எண்ணத்தோடு போனேன். நான் கொடுத்த அந்த மூன்று ஹொங்கொங் பொம்மைகளில், சட்டை சரியாக இருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதியின் மகளிடம் இருந்தது. மழைக்காலம் முழுவதும் அதை நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, அலுமாரியில் தேடி எடுத்த அதன் மற்றச் சப்பாத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளை பொம்மையைக் கொண்டுவந்து காட்டினாள். மயிர் கழுத்தளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. நெற்றியில் பேனையால் பொட்டு. பெயர் என்ன என்று கேட்டேன். "டொக்டர் மீனா" என்றாள். சப்பாத்தைக் கொடுத்தேன். அவள் அதை அந்த இடத்திலேயே இருந்து டொக்டர் மீனாவின் இடது காலில் போட்டுவிட்டு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று அறைக்குள் ஓடிவிட்டாள்.